சாவியைக் கொடுத்தாச்சு, கையில எவ்வளவு கொடுக்கணும்?

ஓட்டல் அறையில் எல்லாவற்றுக்கும் விலை எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டை துவைக்க இவ்வளவு, இஸ்திரி மட்டும் போட இவ்வளவு, கூடுதலாக ஒரு படுக்கை போட்டால் இவ்வளவு, நேரம் தாண்டி அறையைக் காலி செய்தால் இவ்வளவு. துண்டு காணாமல் போனால் எவ்வளவு பிடிப்போம் என்பதுகூடக் குளியலறைக் கதவின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறது. ஆனால் வாசலில் நம் கார் சாவியை வாங்கிக்கொண்டு போகிறானே ஒரு பையன், அவன் கையில் எவ்வளவு வைக்க வேண்டும் என்பதை மட்டும் எந்தச் சுவரிலும் காணோம். ரிசப்ஷனில் கேட்டால், "அது உங்க இஷ்டம் சார்" என்று சிரிக்கிறார்கள்.

இந்த "உங்க இஷ்டம்" இருக்கிறதே, அதைவிடக் கொடுமை வேறில்லை. ஆட்டோக்காரர் சொன்னால் நியாயமான வாடகையைப் போல இரண்டு மடங்கு எதிர்பார்க்கிறார் என்று நமக்குத் தெரியும். ஐயர் சொன்னால் தட்டில் என்ன விழுகிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பார் என்பதும் தெரியும். ஓட்டல் வாசலில் சொன்னால் ஒன்றுமே புரிவதில்லை. குறைத்துக் கொடுத்தால் அவன் முகம் சுண்டுகிறது, கூட்டிக் கொடுத்தால் வீட்டுக்காரியின் முகம் சுண்டுகிறது.

எங்கள் எரியோட்டில் இந்தத் தொல்லை கிடையாது. திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகிற ரயில் பாதையில், சுற்றிலும் நூல் மில்கள் இருக்கிற பேரூராட்சி. இங்கே காரை நிறுத்துவது என்றால் வேப்பமர நிழலாகப் பார்த்து நிறுத்துவது, அவ்வளவுதான். ஆடு மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி எதிர்த்த பெட்டிக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். திரும்பி வந்து அந்த அண்ணனிடம் இருபது ரூபாயை நீட்டினால் அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்துபோகும். கல்யாண மண்டபத்திலும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டு இளவட்டம் ஒன்று விசிலைக் கவ்விக்கொண்டு, "வாங்க, வாங்க, ஒடிச்சு வாங்க, நேரா விடுங்க" என்று ரிவர்ஸ் பார்க்கும். அதற்குக் கூலி பந்தியில் கூட ஒரு அப்பளம். சாவி நம் சட்டைப்பையிலேயே இருக்கும்.

ஊரில் இப்போது தவணையில் வாங்கிய கார்கள் பெருகிவிட்டன. வண்டி வந்தால் சும்மா நிற்குமா? பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஊருக்குப் போகலாம் என்கின்றன. மதுரை, சென்னை, பாண்டிச்சேரி என்று கிளம்புகிறோம். எங்கே போனாலும், போர்ட்டிகோவில் சீருடை போட்ட ஒரு தம்பி ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறான். நாமே நிறுத்திக்கொள்கிறோம் என்றால், "இல்ல சார், நாங்கதான் எடுக்கணும்" என்கிறான். சாவி கைமாறுகிறது, நமக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பிக்கிறது.

போன கோடையில் கொடைக்கானல். நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற மலைதான், ஆனாலும் இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் போனோம். சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு 2024 மே 7 முதல் நடைமுறையில் இருப்பது அது. 2025 கோடைக்கு, வார நாளில் நாளொன்றுக்கு 4,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 6,000 வண்டி என்று கணக்கும் வைத்தார்கள். வண்டி எண்ணையும், எத்தனை பேர் வருகிறோம், எங்கே தங்குகிறோம் என்பதையும் கொடுத்தால் செல்போனில் பாஸ் வந்து விழுந்துவிடுகிறது. அரசாங்கத்தோடு நமக்கு ஒரு குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் வத்தலக்குண்டு தாண்டி மலையேறி, ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான்.

மலையில் இந்த ஏற்பாடு தேவைதான், மறுக்கவில்லை. ஓட்டல்கள் சரிவில் கட்டப்பட்டிருக்கின்றன. கார் நிறுத்துமிடம் அடுக்கடுக்காகக் கீழே இறங்குகிறது. ஒரு பக்கம் மதில், மறு பக்கம் பள்ளம். சமதரையில் ஓட்டிப் பழகிய எங்களைப் போன்றவர்கள் அங்கே ரிவர்ஸ் எடுத்தால் கிளட்ச் தீய்ந்த வாடை ஏரி வரைக்கும் வரும். அந்தப் பையன்கள் வந்து ஒரே திருப்பில், கைப்பிரேக்கைப் பிடித்து விட்டு, இரண்டு கார்களுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளியில் செருகிவிட்டு இறங்குகிறார்கள். பார்க்கவே அழகாக இருந்தது. அந்தத் திறமைக்குக் காசு கொடுக்கக் கூடாது என்று யார் சொல்வார்கள்?

எவ்வளவு என்பதுதான் கேள்வி. யாருக்கு, எப்போது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

இறங்கியவுடன் மூன்று கைகள் வருகின்றன. ஒருவர் கதவைத் திறக்கிறார், இன்னொருவர் பெட்டியைத் தூக்குகிறார், மூன்றாமவர் சாவியை வாங்குகிறார். பின்னால் இன்னொரு கார் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. மடியில் தூங்கிய பிள்ளை எழுந்து அழுகிறது. இந்த அவசரத்தில் பர்ஸைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள். ஏ.டி.எம்.மில் அதுதானே வருகிறது? பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாளைப் பார்த்தே நாளாகிவிட்டது. டீ குடித்தாலும் செல்போனில்தான் காசு போகிறது. 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. வந்தது, அதே ஆண்டு நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது, அதிலிருந்தே சட்டைப்பையில் சில்லறை குறைந்துகொண்டு வருகிறது. டிப்ஸ் என்கிற வழக்கமோ சில்லறை உள்ளவரைக்கும்தான் கௌரவமாக நடக்கும். ஐந்நூறு ரூபாயை நீட்டி "மீதி குடுப்பா" என்று கேட்க எந்த மனுஷனுக்கு வாய் வரும்?

"ஏங்க, என்கிட்ட பத்து ரூபாய் காயின் இருக்கு" என்றாள் வீட்டுக்காரி. கைப்பையைத் துழாவிக் கொடுத்தது மூன்று நாணயம். முப்பது ரூபாயைக் காயினாகக் கொடுத்தால் கோயில் வாசலில் போடுகிற மாதிரி இருக்கிறதே என்று எனக்குத் தயக்கம். அதற்குள் அந்தப் பையன் காரை எடுத்துக்கொண்டு வளைவில் மறைந்துவிட்டான்.

இதற்கு விதி ஏதாவது இருக்கிறதா என்று பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன். வேடசந்தூரில் இருக்கிற என் மச்சினன், "வண்டிய திருப்பிக் கொண்டாந்து குடுக்கறப்பதான் மச்சான் குடுக்கணும். முன்னாடியே குடுத்தா அவன் எதுக்கு ஒழுங்கா ஓட்டப் போறான்?" என்றான். ஆக்டிங் டிரைவராக நெடுந்தூரம் போய்வருகிற பக்கத்துத் தெருத் தம்பி அதற்கு நேர் எதிர். "முதல்லயே அம்பது ரூபாய் கைல வெச்சுருங்கண்ணே. நல்ல எடமாப் பாத்து நெழல்ல விடுவான். கெளம்பறப்ப நம்ம வண்டிதான் மொத வண்டியா வரும்" என்றான். அமெரிக்காவில் இருக்கிற அண்ணன் மகன், அங்கே திருப்பி வாங்கும்போது ஐந்து டாலர் வைப்பது வழக்கம் என்றான். ஐந்து டாலரை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை அதோடு விட்டேன். எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும்தான் தெளிவாகப் பேசினார்: "ரூம் வாடகை அஞ்சாயிரம் வாங்குறவன் அந்தப் பயலுக்குச் சம்பளம் குடுக்க மாட்டானா? நீ எதுக்குய்யா குடுக்குற?"

பெரியவர் கேட்டதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் "எப்போது" என்கிற சிக்கலை முடித்துவிட வேண்டும். வரும்போது கொடுத்தால், போகும்போது வேறு ஷிப்டு. காலையில் சாவியைக் கொண்டு வருகிறவன் முகம் நாம் பார்த்திராத முகம். "நேத்து வேற தம்பிகிட்ட குடுத்தேன்" என்று சொன்னால் அது தப்பிக்கிற பேச்சு மாதிரி நம் காதுக்கே கேட்கிறது. போகும்போது மட்டும் கொடுத்தால், மழையில் நனைந்துகொண்டு வண்டியைச் செருகியவனுக்கு ஒன்றும் போகாது. நடுவில் இரண்டு நாள் ஏரிக்கும் தூண்பாறைக்கும் கோக்கர்ஸ் வாக்குக்கும் போய்வருகிறோம். ஒவ்வொரு முறையும் சாவி போகிறது, சாவி வருகிறது. ஒவ்வொரு தடவையும் கொடுப்பதா, மொத்தமாகக் கடைசியில் கொடுப்பதா? மொத்தமாகக் கொடுத்தால் பங்கு போட்டுக்கொள்கிறார்களா, வாங்கியவனே வைத்துக்கொள்கிறானா? சில ஓட்டல்களில் கவுன்ட்டர் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் போட்டால் யாருக்குப் போகும் என்று கேட்டால், "எல்லாருக்கும் சார்" என்று பதில் வருகிறது. அந்த எல்லாரிலும் மேனேஜர் உண்டா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

திரும்பி வருகிற கார் நம் கார் மாதிரியே இருப்பதில்லை என்பது தனிக் கதை. இருக்கை பின்னால் தள்ளப்பட்டிருக்கும், கண்ணாடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், இளையராஜா பாடிக்கொண்டிருந்த பெட்டியில் ஏதோ ஒரு எஃப்.எம். அலறும். இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். முன்பக்க பம்பரில் புதிதாக ஒரு கோடு இருந்தால்தான் சகிக்க முடியாது. கேட்டால் உடனே சீட்டை எடுத்து நீட்டுகிறார்கள்.

அந்தச் சீட்டை ஒரு தடவையாவது முழுக்கப் படித்துப் பாருங்கள். உள்ளங்கை அகலத் தாள். முன்பக்கம் வண்டி எண், நேரம், ஒரு காரின் கோட்டுப்படம், அதில் ஏற்கெனவே இருக்கிற கீறல்களுக்குப் பேனாவால் போட்ட பெருக்கல் குறிகள். பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஒரு பத்தி. வாகனம் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது, சேதம், திருட்டு, உள்ளே இருக்கும் பொருள்கள் எதற்கும் நிர்வாகம் பொறுப்பாகாது. அதாவது சாவி உன்னிடம், ஓட்டுவது உன் ஆள், நிறுத்துவது உன் இடத்தில், ஆனால் பொறுப்பு மட்டும் அறையில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற என்னுடையது. இதற்கு மேல் டிப்ஸும் நான் கொடுக்க வேண்டும்.

இந்தச் சீட்டைக் காட்டி ஓட்டல் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிற விஷயம் நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு அது. 1998 ஆகஸ்ட் 1-ஆம் தேதி இரவு பதினொரு மணி வாக்கில் ஒருவர் தன் மாருதி ஜென் காரில் தில்லி தாஜ் மஹால் ஓட்டலுக்குப் போகிறார். சாவியை வாசலில் ஊழியரிடம் கொடுத்துவிட்டுச் சீட்டு வாங்கிக்கொள்கிறார். ஒரு மணிக்குத் திரும்பி வந்தால் கார் இல்லை. வேறு காரில் வந்த சில இளைஞர்களில் ஒருவன், வாசலில் வைத்திருந்த சாவிகளிலிருந்து இவருடையதை எடுத்து, காரையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டிருக்கிறான். காப்பீட்டு நிறுவனம் அவருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்துத் தீர்த்தது. பிறகு அவரும் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார்கள். ஓட்டல் நீட்டியது அதே எறும்பெழுத்துச் சீட்டைத்தான்: உரிமையாளரின் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதே!

வழக்கு ஏறி ஏறி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. 2019 நவம்பர் 14 அன்று நீதிபதிகள் மோகன் சாந்தனகௌடரும் அஜய் ரஸ்தோகியும் தீர்ப்புச் சொன்னார்கள். சாவியை வாங்கிக்கொண்ட நிமிடமே வண்டி ஓட்டலின் காவலில் வந்துவிடுகிறது, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி பிறர் பொருளைக் கையில் வைத்திருக்கிறவனுக்கு உள்ள கடமை அதற்கு வந்துவிடுகிறது, கவனமாகத்தான் பார்த்துக்கொண்டேன் என்று ஓட்டல்தான் நிரூபிக்க வேண்டும், தன் ஆட்களின் கவனக்குறைவால் வண்டி போனால் சீட்டில் அச்சடித்த வாசகத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள், அதுதான் எனக்குத் தித்தித்தது. கார் நிறுத்தும் வசதி இலவசம் என்பதால் பொறுப்பில்லை என்ற வாதமும் நிற்காது, ஏனென்றால் அந்த வசதிக்கான காசு அறை வாடகையிலும் சாப்பாட்டு விலையிலும் அடங்கித்தான் இருக்கிறது.

எங்கள் டீக்கடைப் பெரியவர் சட்டம் படித்தவரில்லை. அவர் கேட்டதும் கிட்டத்தட்ட இதையேதான்.

தீர்ப்பு வந்து இத்தனை வருஷமாகியும் சீட்டின் பின்பக்கம் மாறவில்லை. அதே பத்தியைத்தான் இன்றும் அச்சடிக்கிறார்கள். படிக்கிறவன் பயந்துகொண்டு பேசாமல் போய்விடுவான் என்கிற நம்பிக்கைதான்.

கொடைக்கானலில் கிளம்புகிற காலையில், வளைவில் மறைந்த அந்தப் பையனைத் தேடிப் பிடித்து நிறுத்திக் கொஞ்சம் பேசினேன். முதல் நாள் கொடுக்காமல் விட்டது உறுத்திக்கொண்டே இருந்தது, காசைக் கையில் தருகிறேன், சில்லறை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். "பரவால்ல சார், ஸ்கேன் பண்ணிருங்க" என்று செல்போனைத் திருப்பிக் காட்டினான். பின்னட்டையின் உள்ளே, ஓரமெல்லாம் அழுக்கேறிய ஒரு சிறு தாளில் அச்சடித்த கட்டம். ஸ்கேன் செய்ததும் என் திரையில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. தயங்கினேன். "அம்மா அக்கவுண்ட் சார்" என்றான்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை, அது மரியாதை இல்லை. யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். "ஏஜென்ஸி சார். நாங்க ஓட்டல் ஸ்டாஃப் இல்ல." வண்டியில் கோடு விழுந்தால்? சிரித்தான். "எங்க சம்பளத்துலதான் சார் புடிப்பாங்க."

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. சீட்டின்படி பொறுப்பு என்னுடையது. தீர்ப்பின்படி பொறுப்பு ஓட்டலுடையது. நடப்பில் பொறுப்பு இந்தப் பையனுடையது. அவனுடைய சம்பளத்தில் ஒரு பங்கை நான் கொடுக்க வேண்டும் என்று ஓட்டல் எதிர்பார்க்கிறது, அந்தச் சம்பளத்திலிருந்தே என் காரின் கீறலுக்குப் பிடிக்கவும் பிடிக்கிறது. ஓட்டலுக்கு இதில் செலவு சீட்டு அச்சடித்த காசு மட்டும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறுகிற கதைதான்.

இது நம்மூர்க்காரர்கள் கண்டுபிடித்த தந்திரமும் இல்லை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பிறகு, புல்மேன் என்கிற ரயில்பெட்டிக் கம்பெனி தன் படுக்கைப் பெட்டிகளில் வேலை செய்ய விடுதலையான கறுப்பின மக்களை எடுத்தது. சம்பளம் சொற்பம், மிச்சத்தைப் பயணிகளிடம் டிப்ஸாக வாங்கிக்கொள் என்பதுதான் ஏற்பாடு. அந்த ஊழியர்கள் 1925-ல் சங்கம் கட்டிப் பல வருஷம் போராட வேண்டியிருந்தது. டிப்ஸ் என்பதே அவமானம் என்று எதிர்த்தவர்களும் அந்த நாட்டில் இருந்தார்கள். 1909-ல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸுக்குத் தடைச் சட்டமே போட்டது, வேறு சில மாநிலங்களும் போட்டன, 1926-க்குள் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே டிப்ஸ் வாங்குகிற வேலைக்கு மத்தியச் சட்டப்படி முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991-லிருந்து அது ஏறவே இல்லை. டிப்ஸும் சேர்ந்து சாதாரணக் குறைந்தபட்சக் கூலியை எட்டாவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும் என்று விதி இருக்கிறது, அது வேறு. அண்ணன் மகன் பெருமையாகச் சொன்ன ஐந்து டாலருக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது. ஜப்பானில் மேசையில் காசை வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்களாம். அந்த நாட்டு ஓட்டல்களிலும் கார் நிறுத்துகிறார்கள்தானே?

சாப்பாட்டுக் கடைகள் விஷயத்திலாவது இங்கே ஒரு வெளிச்சம் வந்திருக்கிறது. பில்லில் தானாகவே சேவைக் கட்டணம் போட்டு வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் போட்டது. உணவக முதலாளிகள் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 மார்ச் 28-ல் வழிகாட்டுதல் சரிதான் என்று தீர்ப்பானது. விரும்பினால் கொடுக்கலாம், வற்புறுத்தக் கூடாது. நல்லது. ஆனால் வற்புறுத்துவதற்கு வாய் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, மூடாமல் இரண்டு விநாடி நின்றாலே போதும். எந்த ஆணையம் அந்த இரண்டு விநாடிக்கு வழிகாட்டுதல் போடும்?

அரசாங்கம் மனது வைத்தால் இதில் செய்ய முடியாதது இல்லை. சொந்தமாக டிரைவர் வைத்துக்கொண்டு போகிறவர்கள் மேலே மெத்தையில் தூங்க, அந்த டிரைவர் காரிலேயே சீட்டைச் சாய்த்துக் கொசுக்கடியில் கிடப்பது காலங்காலமாக நடந்தது. 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களும் விடுதிகளும் விருந்தினரின் டிரைவர்களுக்குப் படுக்கவும் குளிக்கவும் இடம் ஒதுக்க வேண்டும் என்று சேர்த்தது. எல்லா இடத்திலும் நடக்கிறதா என்பதை டிரைவர்களைத்தான் கேட்க வேண்டும். குறைந்தபட்சம் விதி என்று ஒன்று எழுதப்பட்டிருக்கிறது, காட்டிக் கேட்கலாம். சாவி வாங்குகிற பையனுக்கு அப்படி ஒரு வரி எங்கே இருக்கிறது?

நம்மவர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். மதுரையில் ஒரு ஓட்டல் வாசலில் பார்த்தேன். நம் பக்கத்து டி.என். 57 வண்டிதான். ஆறு பேர் இறங்கி, உள்ளே போய் நாலாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் சாப்பிட்டிருப்பார்கள், பீடா மென்றுகொண்டு வந்தார்கள். கார் வர ஐந்து நிமிஷம் தாமதம். அதற்கு அந்தப் பையனை "டேய்" என்று கூப்பிட்டு, வேகாத வெயிலில் ஓடிவந்தவனிடம் ஒரு பத்து ரூபாயை விரல் நுனியில் பிடித்து நீட்டியபடி, "டயத்துக்கு வந்திருந்தா இருபது குடுத்திருப்பேன்" என்று பாடம் நடத்தினார் ஒரு பெரிய மனிதர். எனக்கு அந்தப் பையனைவிட அதிகமாகக் கூசியது. இன்னொரு ரகம் உண்டு. மூன்று பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இருநூறு ரூபாய்த் தாளை விசிறுவார்கள், ஊருக்கு வந்தால் மெஸ்ஸில் இலை எடுக்கிற அம்மாளுக்கு ஐந்து ரூபாய் வைக்க மாட்டார்கள். பரிமாறுகிறவருக்கும் இலை எடுக்கிறவருக்கும் ஒன்றும் வைக்காத ஊரில் இருந்து போய், போர்ட்டிகோவில் மட்டும் நாம் வள்ளலாவது ஏன்? விளக்கு வெளிச்சமும் கண்ணாடிக் கதவும் செய்கிற வேலை அது.

நோயாளியைப் பார்க்கப் போகிற ஆஸ்பத்திரியிலும் பட்டுச்சேலைக் கடையிலும்கூட இப்போது சாவியை வாங்கிக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரியில் டிப்ஸ் கொடுக்கலாமா, உள்ளே இருக்கிறவர் பிழைத்தால்தானா என்பதையெல்லாம் ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

ஆகவே ஓட்டல் முதலாளிகளே, மேனேஜர்களே, உங்களிடம் கேட்பது பெரிய சமாச்சாரம் இல்லை. வாடகையில் ஐம்பது ரூபாய் கூட்டிக்கொள்ளுங்கள், அதை அந்தப் பிள்ளைகளின் சம்பளத்தில் சேருங்கள். சீட்டின் பின்பக்கத்தில் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளாத பத்தியை அடித்துவிட்டு, சேதமானால் யாரிடம் வர வேண்டும் என்பதை எழுதுங்கள். கீறலுக்கு அவர்கள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள், அதற்குத்தான் காப்பீடு இருக்கிறது. இதெல்லாம் முடியாது என்றால், துண்டுக்கு எவ்வளவு என்று எழுதத் தெரிந்த நீங்கள் அதே எழுத்தில், "கார் எடுத்து நிறுத்துபவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, கிளம்பும்போது பில்லோடு கொடுத்தால் போதும், முழுவதும் அவர்களுக்கே போய்ச் சேரும்" என்று ஒரு பலகை மாட்டுங்கள். எவ்வளவு போட்டாலும் கொடுக்கிறோம்.

அதுவரை, விடுமுறைக்குக் கிளம்புகிற எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு வார்த்தை. புறப்படும் முன்னால் வங்கியில் இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் மாற்றி முன்பக்க டேஷ்போர்டில் இல்லாமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், டேஷ்போர்டு சாவியோடு போய்விடும். சாவியைக் கொடுக்குமுன் வண்டியை நாலு பக்கமும் செல்போனில் படம் எடுங்கள். சீட்டைத் தொலைக்காதீர்கள். கோடு விழுந்திருந்தால் பையனிடம் கத்தாதீர்கள், மேனேஜரைக் கூப்பிட்டு 2019-ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.